ஹோஸ்டிங் மறுவிற்பனையில் டொமைன் பதிவைத் தானியங்கியாக்குவது எப்படி?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஏழு ஆண்டுகளாக வெப் ஹோஸ்டிங் (இணையதளங்களுக்கான சர்வர் இடம்) மறுவிற்பனை செய்து வருகிறேன். ஏறத்தாழ 180 வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஜவுளிக் கடை, பயிற்சி மையம், சிறு மருத்துவமனை நடத்துபவர்களே பெரும்பாலோர். பணம் வந்தவுடன் ஹோஸ்டிங் கணக்கு தானாகத் திறந்துவிடுகிறது. டொமைன் (இணையதளப் பெயர்) பதிவு மட்டும் இன்னும் என் கையால்தான் நடக்கிறது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் பெயரை அனுப்புவார். யுபிஐயில் பணம் சேர்ந்ததும் டொமைன்களைப் பதிந்து தரும் பதிவாளர் நிறுவனத்தின் பேனலில் நுழைந்து, முகவரியைத் தட்டச்சு செய்து, டொமைனை எந்த சர்வரோடு இணைப்பது என்று காட்டும் நேம்சர்வரை மாற்றி, காலாவதித் தேதியை எக்செல் தாளில் குறித்துக்கொள்வேன்.

சென்ற மாதம் இரண்டு தவறுகள் நேர்ந்தன. உறவினர் திருமணத்துக்குச் சென்றிருந்தபோது இரவில் வந்த ஆர்டரை மறுநாள் மதியம்தான் பார்த்தேன்; அதற்குள் அந்தப் பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டார். மற்றொன்று, எக்செல் தாளில் ஆண்டைத் தவறாக இட்டிருந்ததால் ஒரு பயிற்சி மையத்தின் டொமைன் காலாவதியாகி, சேர்க்கை நடக்கும் வாரத்தில் இரண்டு நாள்கள் அவர்களுடைய மின்னஞ்சல் நின்றுபோனது. அந்த உரிமையாளர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

எனக்கு பிஎச்பி ஓரளவு தெரியும். பதிவாளரின் ஏபிஐயை (நிரல்கள் நேரடியாகப் பேசும் வழியை) பயன்படுத்தி நானே ஒரு நிரல் எழுதிக்கொள்ளலாமா, அல்லது டபிள்யூஎச்எம்சிஎஸ் போன்ற, ஹோஸ்டிங் வியாபாரத்துக்கான ஆயத்த மென்பொருளை வாங்குவது நல்லதா? இடைத்தரகரே வேண்டாம் என்று, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகேனிடம் நேரடி அங்கீகாரம் பெறும்படி ஒரு நண்பர் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கொங்குத்தறி எழுதியது:

ஐயா, நண்பர் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். ஐகேன் அங்கீகாரத்துக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டும் 3,500 டாலர். கிடைத்தபின் ஆண்டுக்கட்டணம் 4,000 டாலர். அதன்பிறகு டாட் காம் போன்ற ஒவ்வொரு நீட்சியையும் நடத்தும் பதிவகத்துடன் தனித்தனி ஒப்பந்தம், முன்பணம், தொழில்நுட்பச் சோதனை என்று வேலை நீளும். 180 வாடிக்கையாளர்களுக்காக அதில் இறங்குவது யானையைக் கட்டித் தீனி போடுவதாகும்.

சொந்த நிரலா, ஆயத்த மென்பொருளா என்றால் ஆயத்த மென்பொருளையே வாங்குங்கள் என்பேன். பதிவு செய்யும் கட்டளையை ஒரே நாளில் எழுதிவிடலாம். இன்வாய்ஸ், நினைவூட்டல், தேதி ஒத்திசைவு, தோல்விப் பட்டியல் ஆகியவற்றை எழுதுவதற்குள் ஓராண்டு ஓடிவிடும். டபிள்யூஎச்எம்சிஎஸில் உங்கள் பதிவாளருக்கான மாட்யூலை (இணைப்பு நிரலை) இயக்கி, ஏபிஐ சாவியைக் கொடுத்து, டொமைன் விலைப் பக்கத்தில் ஒவ்வொரு நீட்சிக்கும் தானியங்கிப் பதிவாளராக அதைத் தேர்ந்தெடுத்தால், இன்வாய்ஸ் செலுத்தப்பட்டதும் பதிவு நடக்கும். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி வையுங்கள். டொமைன் ஒத்திசைவைக் கட்டாயம் இயக்குங்கள். காலாவதித் தேதி பதிவாளரிடமிருந்தே வந்துவிடுவதால் எக்செல் தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம். அடுத்த கட்டணத் தேதியைக் காலாவதிக்குச் சில நாள்கள் முன்னதாக அமைக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. நான் 15 நாள்கள் வைத்திருக்கிறேன்.

இனி நான் பட்ட பாடு. மறுவிற்பனையாளர் பதிவாளரிடம் முன்பணம் போட்டு வைக்க வேண்டும்; ஒவ்வொரு பதிவுக்கும் அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். ஒரு தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை என் இருப்பு 212 ரூபாய். அன்று இரவு ஆறு ஆர்டர்கள் வந்தன, ஆறு பேரும் பணம் கட்டினார்கள், ஆறு பேருக்கும் "உங்கள் ஆர்டர் ஏற்கப்பட்டது" என்ற மின்னஞ்சல் போனது, ஒரு டொமைன்கூடப் பதிவாகவில்லை. வங்கி விடுமுறையில் நெஃப்ட் வழியாகப் பணம் அனுப்பிவிட்டுப் பதிவாளர் அதை வரவு வைக்கும்வரை திங்கள் காலை வரை காத்திருந்தேன். அன்றிலிருந்து, இருப்பு ஒரு வார விற்பனைக்குக் கீழே இறங்கினால் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும்படி ஒரு சிறு நிரல் ஓடுகிறது. நீங்கள் சொந்தமாக ஏதேனும் எழுத விரும்பினால் இதை எழுதுங்கள்.

மற்றொன்று, பல பதிவாளர்கள் முன்கூட்டிப் பதிந்து வைத்த ஐபி முகவரியிலிருந்து வரும் ஏபிஐ அழைப்புகளை மட்டுமே ஏற்பார்கள். புதிய சர்வருக்கு மாறியபோது அது ஐபிவி6 என்னும் புதிய வகை முகவரி வழியாக வெளியே பேசத் தொடங்கியது. நான் பதிந்து வைத்திருந்ததோ பழைய வகையான ஐபிவி4 முகவரி. காரணம் பிடிபடும்வரை அரை நாள் போனது.

டாட் இன் டொமைன்களுக்கு, உரிமையாளரின் விவரத்தை மறைக்கும் தனியுரிமைப் பாதுகாப்பு கிடையாது; அந்த நீட்சியை நிர்வகிக்கும் நிக்ஸி அதை அனுமதிப்பதில்லை. அந்த நீட்சிக்கு மட்டும் அந்தக் கூடுதல் சேவையை அணைத்து வையுங்கள். இல்லையேல் தராத சேவைக்குக் காசு வாங்கியவராவீர்கள்.

இரவுக்காவல் எழுதியது:

கொங்குத்தறி ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் நிரல் எழுதும் ஆள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பெயர் பதிவாகாமல் போவதைவிட, பதிவானதா இல்லையா என்று தெரியாமல் நிற்பதுதான் உண்மையான தொல்லை.

பதிவாளருக்கும் பதிவகத்துக்கும் இடையே நடக்கும் உரையாடல் ஈபிபி என்னும் நெறிமுறையில் நடக்கிறது. உங்கள் மாட்யூல் பதிவாளரை அழைக்கிறது, பதிவாளர் பதிவகத்தை அழைக்கிறார், பதிவகம் பெயரைப் பதிந்துவிடுகிறது. பதில் திரும்பி வருவதற்குள் உங்கள் பக்கத்தில் நேர வரம்பு முடிந்துவிடுகிறது. திரையில் தோல்வி என்றுதான் தெரியும். நீங்கள் மீண்டும் அனுப்பினால் 2302 என்ற குறியீடு, அதாவது "இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது" என்ற பதில் வரும். அதைப் பார்த்து, பெயர் வேறொருவருக்குப் போய்விட்டது என்று வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த டொமைன் அவருடைய கணக்கிலேயே ஓராண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. ஆகவே 2302 வந்தால், முதலில் அந்தப் பெயரின் விவரத்தை உங்கள் கணக்கு வழியாகவே கேட்டுப் பாருங்கள். அது உங்களிடமே இருந்தால் பதிவு வெற்றி என்று குறித்துக்கொள்ளுங்கள். 1001 வந்தால் வேலை நிலுவையில் இருக்கிறது என்று பொருள். மீண்டும் அனுப்பாமல் காத்திருக்க வேண்டும். 2104 என்பது பணச் சிக்கல். ஐயாவின் தீபாவளி வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பித்தலில் இதே குழப்பம் பணத்தையும் தின்னும், ஏனெனில் இருமுறை அனுப்பினால் ஈராண்டுக்கு நீண்டுவிடக்கூடும். ஈபிபியை வகுத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். புதுப்பிக்கும் கட்டளையில் தற்போதைய காலாவதித் தேதியையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். பதிவகத்தில் உள்ள தேதியோடு அது பொருந்தாவிட்டால் கட்டளை நிராகரிக்கப்படும். முதல் கட்டளை நிறைவேறியதும் தேதி மாறிவிடுவதால் இரண்டாவது தானாகவே விழுந்துவிடுகிறது. உங்கள் பதிவாளரின் ஏபிஐ அந்தத் தேதியைக் கேட்டால் தரவுத்தளத்தில் உள்ளதை அனுப்புங்கள். அழைப்பதற்கு ஒரு நொடி முன்பு பதிவாளரிடமே கேட்டு வாங்கி அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு வீணாகிவிடும். என் முதல் நிரலில் நான் செய்த தவறு இதுதான்.

பெயர் கிடைக்குமா என்று பார்ப்பதற்குப் டொமைன் விவரம் தேடும் பழைய ஹூயிஸ் நிரல்களை நம்ப வேண்டாம். டாட் காம் போன்ற பொது நீட்சிகளுக்கு ஹூயிஸ் சேவையை நடத்தும் கட்டாயம் 2025 ஜனவரி 28 முதல் இல்லை. அதன் இடத்துக்கு ஆர்டாப் என்னும் புதிய தேடல் நெறிமுறை வந்துவிட்டது. பதில் வராததையே "பெயர் காலியாக இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும் பழைய நிரல்கள் இப்போது எந்தப் பெயரையும் விற்கத் தயாராக இருக்கும். பதிவாளரின் ஏபிஐயில் உள்ள சோதனைக் கட்டளையையே பயன்படுத்துங்கள். அது கூடுதல் விலையுள்ள பிரீமியம் பெயரா என்பதையும் பல இடங்களில் சொல்லிவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால், சில நூறு ரூபாய்க்கு விற்ற பெயருக்குப் பல ஆயிரம் ரூபாய் உங்கள் இருப்பிலிருந்து கழிந்துவிடும்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மென்பொருளின் சோதனைப் பதிப்பை நிறுவி, பதிவாளரின் சோதனைத் தளத்தோடு இணைத்துப் பார்த்தேன். முதல் மூன்று முயற்சிகளும் தொடர்பு விவரத்திலேயே நின்றுவிட்டன. கைப்பேசி எண்ணை முன்னால் சுழியம் சேர்த்து 0 98 என்று தொடங்கியிருந்தேன்; முகவரியில் "மேலமாசி வீதி" என்று தமிழிலேயே எழுதியிருந்தேன். என் வாடிக்கையாளர்களும் இப்படித்தான் நிரப்புவார்கள். மேலும், புதுப்பித்தலுக்குரிய பணத்தை வாடிக்கையாளரின் அட்டையிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளலாமா?

இரவுக்காவல் எழுதியது:

தொலைபேசி எண் +91 என்று தொடங்கி, ஒரு புள்ளி இட்டு, அதன்பின் பத்து இலக்கங்களாக வர வேண்டும். ஈபிபியில் அனைத்துலக வடிவ முகவரி ஆங்கில எழுத்துகளில் மட்டுமே இருக்கலாம் என்பது விதி. ஆர்டர் படிவத்திலேயே எண்ணைத் திருத்திவிட்டு, தமிழ் எழுத்தைக் கண்டால் அந்த இடத்திலேயே தெரிவித்துவிடுங்கள். பணம் வாங்கிய பிறகு தெரிவிப்பதில் பயனில்லை. டாட் இந்தியா என்ற தமிழ் நீட்சியை விற்பதானால் பெயரைப் பியூனிகோடாக (ஆங்கில எழுத்து, எண் வடிவமாக) மாற்றித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். தேவை வரும்போது எழுதுங்கள், விளக்குகிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பண விஷயம் என்பதால் நுழைகிறேன். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையிலிருந்து திரும்பத் திரும்பப் பணம் எடுக்க வாடிக்கையாளர் முதலில் ஓடிபி தந்து இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதல்) பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அவருக்கு அறிவிப்பு போக வேண்டும். 2022 ஜூன் முதல் 15,000 ரூபாய் வரை மறுபடி ஓடிபி தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆயிரம் ரூபாய்க்காக மேண்டேட் பதிவு செய்ய மதுரைக் கடைக்காரர் உடன்படுவாரா என்பது ஐயமே. முப்பது நாள்களுக்கு முன்பு இன்வாய்ஸ், அதில் யுபிஐ இணைப்பு, பதினைந்தாம் நாளும் ஐந்தாம் நாளும் நினைவூட்டல் என்று வைத்தால் போதும். கட்டாதவர்களை மட்டும் தொலைபேசியில் அழையுங்கள்.

விலையையும் ஒத்திசைக்க வேண்டும். டாட் காமின் மொத்த விற்பனை விலையை அதன் பதிவகமான வெரிசைன் நிறுவனம் 2024 செப்டம்பர் 1 அன்று 9.59 டாலரிலிருந்து 10.26 டாலருக்கு உயர்த்தியது. டாலர் மாற்று விகிதமும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் அதன்மேல் ஏறும். பழைய விலையில் இன்வாய்ஸ் அனுப்பிவிட்டுப் புதிய விலையில் புதுப்பிப்பவர் ஒவ்வொரு டொமைனிலும் தன் லாபத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருப்பார்.

புதியவர் வெளிநாட்டு அட்டையில் ஒரே நாளில் ஐந்து பெயர் வாங்கினால் தானியங்கிப் பதிவை நிறுத்தி வையுங்கள். திருட்டு அட்டை என்றால் வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், பதிவுக் கட்டணம் உங்கள் தலையில் விழும். டாட் காமில் ஐந்து நாள்களுக்குள் நீக்கினால் பதிவகம் பணத்தைத் திருப்பித் தரும். அந்தச் சலுகையை மறுவிற்பனையாளருக்கும் தருகிறாரா என்று உங்கள் பதிவாளரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

கடைசியாக, பதிவில் வாடிக்கையாளரின் பெயரும் அவருடைய சொந்த மின்னஞ்சலுமே இருக்கட்டும். வேலை எளிது என்று எல்லாவற்றிலும் தம் மின்னஞ்சலை இடுகிறவர்கள் உண்டு. வழக்கு என்று வரும்போது உரிமையாளர் யார் என்பதே சிக்கலாகிவிடும். அதே வேளையில், பொது நீட்சிகளில் தொடர்பு மின்னஞ்சலை 15 நாள்களுக்குள் உறுதிசெய்யாவிட்டால் டொமைன் முடக்கப்படக்கூடும். பதிவாளர் அனுப்பும் ஆங்கில மடலை நம் ஆட்கள் மோசடி மடல் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். பதிவு முடிந்ததும் "இப்படி ஒரு மடல் வரும், அதைத் திறந்து உறுதிசெய்யுங்கள்" என்று தமிழில் ஒரு வாட்ஸ்அப் செய்தி தானாகப் போகும்படி செய்யுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மென்பொருளை வாங்கிவிட்டேன். படிவத்தில் எண், எழுத்துத் திருத்தங்களையும் சேர்த்தாகிவிட்டது. இருப்பு குறைந்தால் எச்சரிக்கும் நிரலைச் சனிக்கிழமை எழுதினேன். அறுபது வரிகளில் முடிந்தது. நேற்று இரவு 11.40க்கு ஒரு புத்தகக் கடையின் ஆர்டர் வந்தது, 11.42க்குப் பெயர் பதிவாகி, நேம்சர்வரும் அமைந்துவிட்டது. நான் அதைக் காலையில்தான் பார்த்தேன்.

டொமைன் ஒத்திசைவை முதன்முறை ஓட்டியபோது, என் எக்செல் தாளுக்கும் பதிவாளரின் தேதிக்கும் மூன்று இடங்களில் வேறுபாடு தெரிந்தது. அவற்றுள் ஒன்று ஒரு மருத்துவமனையின் டொமைன்; அது காலாவதியாக ஒன்பது நாள்களே மீதமிருந்தன. இன்வாய்ஸ் அனுப்பாமலேயே புதுப்பித்துவிட்டேன். பணத்தை நாளை நேரில் போய் வாங்கிக்கொள்கிறேன்.