தேயிலைத் தோட்டத்துப் பணிக்கொடை: வெட்டு விழும் இடங்கள்

கூடலூர் உறுப்பினர்:
வேலையை விட்டுப் போறப்ப தர்ற பணிக்கொடை (கிராஜுவிட்டி) குறைஞ்சா எல்லாரும் கடைசி மாசக் கணக்கைத்தான் பார்க்கிறோம். வெட்டு பல வருஷம் முன்னாடியே செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகை ஏட்டில், விழுந்திருக்கும். தற்காலிகத் தொழிலாளி பேரை ஒரு மாசம் எடுத்துட்டு, வேற நம்பர்ல திரும்பச் சேர்ப்பாங்க. 20 வருஷம் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு ஏட்டில் 4 வருஷம்தான் இருக்கும். பணிக்கொடைக்கு வேண்டிய 5 வருஷத் தொடர்ச்சி இல்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. கொடுமை இது. சட்டப்படி 12 மாசத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தா அது முழு வருஷம். பேறுகால விடுப்பு 26 வாரம் வரைக்கும், வேலையில் காயம்பட்டுக் கிடந்த நாளும், சம்பளத்தோட எடுத்த லீவும் அந்த 240-ல் சேரும். பெண்களுக்குப் பறிபோறது பெரும்பாலும் இந்த நாள்கள்தான்.

கோத்தகிரி உறுப்பினர்:
ஃபேக்டரியில் மாசச் சம்பளம் வாங்குறவங்க கவனிங்க. சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கணும். சில ஆபீஸ்ல 30-ஆல் வகுக்கிறாங்க. 13,000 ரூபாய்க்கு வருஷத்துக்கு 7,500 வரணும், 6,500 தான் வரும். 28 வருஷத்துக்கு 28,000 ரூபாய் போச்சு! பஞ்சப்படியைச் சேர்த்தாங்களான்னும் பாருங்க. நாட்கூலிக்கு வகுக்கவே வேண்டாம். கடைசிக் கூலியை 15-ஆல் பெருக்கி வருஷத்தால் பெருக்கணும். மிச்சம் 6 மாசத்துக்கு மேல இருந்தா அதுவும் ஒரு வருஷம்.

பந்தலூர் உறுப்பினர்:
பழைய சம்பளச் சீட்டு மழையில் நனைஞ்சு போனவங்க என்ன செய்யறது?

கூடலூர் உறுப்பினர்:
பிஎஃப் பாஸ்புக் எடுங்க அண்ணே. மாசாமாசம் பிடிச்ச தொகை அதில் இருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர் இருந்தா இரண்டையும் எடுங்க. ஒண்ணு நின்னு ஒரு மாசத்திலேயே இன்னொண்ணு தொடங்கினா, பேரை வெட்டிச் சேர்த்தது அப்பட்டமாத் தெரியும்.

குன்னூர் உறுப்பினர்:
தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணாம பணிக்கொடை விண்ணப்பமே வாங்க மாட்டோம்னு சொல்ற இடமும் உண்டு. கையில் கொடுத்துட்டுக் காத்திருக்காதீங்க. சேர்ந்ததுக்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்ட்ல பதிவு பண்ணி அனுப்புங்க. 30 நாளில் பணம் தரணும். தராட்டா தொழிலாளர் அலுவலகத்தில் மனு போடும்போது அந்தச் சான்றுதான் முதல் தாள். இன்னொண்ணு: வீட்டுச் சாவி வாங்கறப்ப "எல்லாப் பாக்கியும் பெற்றேன்"னு எழுதி வெச்சிருப்பாங்க. தொகை எழுதாத தாளில் கைநாட்டு வைக்க விடாதீங்க.