கிராம்பு எண்ணெய்: பிரிபுனலில் பிரியாத வெள்ளைப் பட்டை, யாராவது வழி சொல்லுங்க

பி.எஸ்சி மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு மாறாமலை கிராம்பிலிருந்து யூஜினால் (கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருள்) எடுக்கிறோம் (2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கன்னியாகுமரி கிராம்புதான்).

25 கிராம் கிராம்பை ஒன்றிரண்டாக இடித்து, 250 மி.லி. தண்ணீரில் காய்ச்சி வடித்து, வடிநீரிலுள்ள எண்ணெயை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் 20 மி.லி. வீதம் மூன்று தடவை பிரிக்கிறோம். அதுவரை சிக்கல் இல்லை. மாவாக அரைத்தால்தான் நுரைத்து கண்டென்சர் வரை ஏறிவிடும்.

தகராறு அடுத்த படியில். யூஜினாலைக் கரைப்பானிலிருந்து நீரடுக்குக்கு இழுக்க 5% சோடியம் ஹைட்ராக்சைடு (காரம்) ஊற்றிக் குலுக்கினால் இரண்டு அடுக்குக்கும் நடுவே பால் மாதிரி ஒரு பட்டை. ஒரு மணி நேரம் வைத்தாலும் இறங்கவில்லை. யூஜினால் காரத்தோடு சேர்ந்து உண்டாகும் உப்பு சோப்புபோல வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். உப்புக் கரைசல் விட்டால் கொஞ்சம் தெளிகிறது. ராத்திரி முழுக்க விட்டுவைக்கவும் பயம்: எண்ணெயில் கூடவே இருக்கும் யூஜினைல் அசிடேட் காரத்தில் உடைந்து அதுவும் யூஜினாலாகிவிட்டால் விளைச்சல் கணக்கே தப்பிப்போகும்.

குலுக்காமல் மெதுவாகச் சுழற்றினால் போதுமா? சென்ட்ரிஃபியூஜில் வைக்கலாமா?

இன்னொன்று: நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எந்தக் காலேஜிலாவது கிளெவெஞ்சர் கருவி (எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பிரிக்கும் கண்ணாடிக் கருவி) ஒரு வாரத்துக்குக் கிடைக்குமா சார்? தண்ணீரைவிடக் கனமான எண்ணெய்க்கான வகைதான் வேணும். சாதாரண வகையில் எண்ணெய் அடியில் இறங்கி, தண்ணீரோடு குடுவைக்கே திரும்பிவிடும்.