செகி ஒன்சென்ல இடுப்பளவு பவுடர், ஒரு சுகி மரம், ஒரு விசில்

பெரிய பெரிய ஸ்கீ ரிசார்ட் அனுபவம் எல்லாம் இங்க நிறைய பேர் எழுதிட்டீங்க, நான் சின்ன மலை ஒண்ணைப் பத்தி சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும். ஆனா நடுவுல ஒரு விஷயம் இருக்கு, ஜப்பான்ல ஸ்கீ பண்ண நினைக்கிற யாரா இருந்தாலும் அதை மட்டுமாவது படிச்சிடுங்க.

நான் டோக்கியோல வேலை பாக்குறேன், இங்க வந்துதான் ஸ்கீ கத்துக்கிட்டேன். நாலு சீசன் நகானோ பக்கம் மெஷின் ஓட்டி சமப்படுத்தின சரிவுலயே ஓட்டிட்டு இருந்தேன், நல்லாவே வந்துச்சு. அப்பதான் ஆபீஸ்ல என் சென்பாய், அதாவது சீனியர், அவர் நீகாத்தா மாநிலம் தகதாக்காரர், "அமுக்கி வெச்ச பனியில எத்தனை நாள்தான் ஓட்டுவ, எங்க ஊர்ப்பக்கம் வா, விழுந்தது விழுந்தபடி இருக்கிற பனியை காட்டுறேன்"னு கூப்பிட்டார். அவரும் அவர் மனைவியும் நானும், மூணு பேரா கிளம்பினோம். ஷின்கான்சென் புல்லட் ட்ரெயின்ல நகானோ வரைக்கும் ஒன்றரை மணி நேரம், அங்கருந்து லோக்கல் ட்ரெயின்ல மியோகோ-கோகென், இன்னொரு ட்ரெயின் மாறி அடுத்த ஸ்டேஷன் செகியாமா. ஸ்டேஷன் வாசல்ல சத்திரத்துக்காரர் வேன் வெச்சு காத்துட்டு இருந்தார். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பனிச்சுவர், வேன் கூரையை விட உசரம்.

ஏன் இங்க இவ்வளவு பனி விழுதுன்னு போற வழியில கேட்டேன். சைபீரியால இருந்து வறண்ட குளிர்காத்து கிளம்பி வருது, நடுவுல ஜப்பான் கடல், அதுல சுஷிமா வெந்நீரோட்டம் ஓடறதால தண்ணி குளிர்காலத்துலயும் வெதுவெதுப்பா இருக்கு, காத்து அந்த ஈரத்தை எல்லாம் அள்ளிக்கிட்டு கரைக்கு வந்ததும் நேரா மலையில முட்டுது, மியோகோ மலை 2,454 மீட்டர், தாண்ட முடியாம எல்லாத்தையும் அங்கயே கொட்டிடுது. எனக்கு உடனே நம்ம ஐப்பசி அடைமழைதான் ஞாபகம் வந்துச்சு. வடகிழக்குப் பருவக்காத்து வங்காள விரிகுடால ஈரத்தை எடுத்து நம்ம கரையில கொட்டுது இல்லையா, அதே வேலைதான், இங்க பனியா கொட்டுது. 1945 பிப்ரவரியில தகதா ஊருக்குள்ளயே 377 சென்டிமீட்டர் பனி நின்னுச்சாம். கடைத்தெருவுல வீட்டு முகப்பை எல்லாம் நீட்டி, கூரை போட்ட நடைபாதையா வெச்சிருக்காங்க, கங்கின்னு பேரு. நம்ம ஊர் திண்ணையை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துவிட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி. பனி மூடினாலும் அதுக்கடியில நடந்து போய்க்கலாம். ஜப்பான்காரங்க முறையா ஸ்கீ கத்துக்கிட்டதும் இந்த ஊர்லதான். 1911 ஜனவரியில ஆஸ்திரியா-ஹங்கேரி ராணுவ மேஜர் தியோடர் ஃபோன் லெர்ஹ், தகதால இருந்த படை அதிகாரிகளுக்கு சொல்லிக்கொடுத்தார். அப்ப ரெண்டு குச்சி இல்ல, நீளமா ஒரே ஒரு குச்சிதான்.

சரி, செகி ஒன்சென். ஒன்சென்னா வெந்நீர் ஊற்று, அதை ஒட்டின ஸ்கீ மலை. மொத்தமே ரெண்டு லிஃப்ட். கீழ ரெண்டு பேர் உக்கார்ற சேர், அதுக்கு மேல ஒத்தை ஆள் சேர். அந்த ஒத்தை சேர்ல தடுப்புக்கம்பி கிடையாது, சின்ன பலகை, கம்பியை பிடிச்சுக்கிட்டு உக்காரணும். ராத்திரி முழுக்க கொட்டியிருந்ததால மேல் லிஃப்ட் காலையில ஓடல, லிஃப்ட் ஆளுங்க மண்வெட்டியை வெச்சு பாதையை தோண்டிட்டு இருந்தாங்க. பெரிய ரிசார்ட்ல இதெல்லாம் நம்ம கண்ணுலயே படாது. இங்க கீழ நின்னு பார்த்தாலே யார் தோண்டுறாங்க, எவ்வளவு தூரம் முடிச்சிருக்காங்கன்னு தெரியும்.

கீழ் லிஃப்ட்ல ஒரு தாத்தா, எழுபது வயசு இருக்கும். ஒவ்வொரு சேர் வர்றப்பவும் துடைப்பத்தால பனியை தட்டிவிட்டு, "இத்தெராஷ்ஷாய்"னு சொல்லி அனுப்புறார். ஜப்பானிய மொழி தெரியாதவங்களுக்கு சொல்றேன், அதுக்கு அர்த்தம் "போயிட்டு வாங்க". வெறும் "போங்க" கிடையாது. நம்ம வீட்லயும் வாசல்ல நின்னு "போ"ன்னு சொல்ல மாட்டோம்ல, "போயிட்டு வா"ன்னுதானே சொல்வோம். இத்தனை வருஷம் இங்க இருந்தும் அந்த வார்த்தை அன்னைக்குத்தான் எனக்கு முழுசா கேட்டுச்சு.

முதல் ரவுண்டு, இடுப்பளவு பவுடர், அதாவது அமுங்காத புதுப் பனி. நாலு சீசன்ல கத்துக்கிட்ட எதுவும் இங்க அப்படியே வேலை செய்யல. சமப்படுத்தின சரிவுல ஒரு கால்ல எடையை போட்டு விளிம்பால வெட்டி திரும்புவோம், இங்க அப்படி பண்ணா அந்த ஒரு ஸ்கீ மட்டும் முங்கிடும். ரெண்டு காலையும் சேர்த்து வெச்சு ஒரே பலகை மாதிரி நிக்கணும், எடை நடுவுல இருக்கணும், மெதுவா அமுங்கி எழும்பி அமுங்கி எழும்பி போகணும், வேகம் குறைஞ்சா புதைஞ்சிடும். அது பிடிபட்ட பத்து செகண்ட் இருக்கே, சத்தமே இல்ல, மடியில இருந்து பனி கிளம்பி நெஞ்சு வரைக்கும் வந்து முகத்துல உடையுது, கீழ தரைன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல. அதுக்காக எவ்வளவு தூரம் வேணாலும் வரலாம்.

விழுந்தா எழுந்திருக்கிறது தனி பாடம். கையை ஊனினா தோள் வரைக்கும் உள்ள போகுது, பிடிமானமே இல்ல. ரெண்டு குச்சியையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்க போட்டு, அதோட நடுவுல அழுத்தி எழுந்திருக்கணும். ஸ்கீ கழண்டுச்சுன்னா அது பனிக்குள்ள எங்க போச்சுன்னே தெரியாது, நான் ஒண்ணை இருபது நிமிஷம் தேடினேன். அதுக்குத்தான் கலர் நாடாவை ஸ்கீயில கட்டி பேன்ட்டுக்குள்ள விட்டு வெச்சுக்கறாங்க.

இப்ப அந்த விஷயம். மதியம் மேல் லிஃப்ட் திறந்துச்சு. மேல புனா மரங்கள், குளிர்காலத்துல இலையே இருக்காது, நடுநடுவுல நல்ல இடைவெளி, அதுல ரெண்டு ரவுண்டு நல்லா போச்சு. மூணாவது ரவுண்டு கீழ் பக்கமா இறங்குறப்ப சுகிங்கிற ஊசியிலை மரங்கள் நின்ன ஓரமா நான் ஒதுங்கிட்டேன். சுகியில கிளை தாழ்வா விரிஞ்சிருக்கும், மேல விழுற பனியை கிளையே தாங்கிக்கும், அதனால அடியில தண்டைச் சுத்தி பனி இறுகாம பொலபொலன்னு ஒரு கிணறு மாதிரி ஆயிடும். வெளியில இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது. கிளை நுனியில ஸ்கீ மாட்டுச்சு, அவ்வளவுதான், தலைகீழா உள்ள போயிட்டேன்.

கால் மேல, தலை கீழ, ஸ்கீ ரெண்டும் கிளையில சிக்கியிருக்கு. வாய் நிறைய பனி. கண்ணைத் திறந்தா நீலமா ஒரு வெளிச்சம். அசைஞ்சா மேல இருந்து இன்னும் பனி சரிஞ்சு காதுக்குள்ள போகுது. கத்தினேன், என் சத்தம் எனக்கே கேக்கல, பனி அப்படியே குடிச்சிடுது. வலது கை குச்சியோட வார்ல மாட்டிக்கிட்டு வரல. இடது கை மட்டும் முகத்துகிட்ட இருந்துச்சு, அதால வாய்க்கு முன்னாடி பனியை அமுக்கி அமுக்கி ஒரு கிண்ணம் அளவுக்கு இடம் பண்ணேன். அதுக்கப்புறம்தான் மூச்சு விட முடிஞ்சுது. காலையில சென்பாயோட மனைவி என் ஜாக்கெட் ஜிப்ல ஆரஞ்சு கலர் விசில் ஒண்ணை கட்டிவிட்டிருந்தாங்க. கழுத்துகிட்டயே இருந்ததால உதட்டுக்கு எட்டுச்சு. ஊதினேன்.

அவங்க எனக்கு மேல, பத்து பதினஞ்சு மீட்டர் பின்னாடி வந்துட்டு இருந்தாங்க. நான் காணாம போனதை பார்த்திருக்காங்க, ஆனா எந்த மரம்னு விசில் கேட்டுத்தான் தெரிஞ்சுதாம். மேல இருந்து தோண்டினா பனி என் மேலயே விழும்னு, பக்கவாட்டுல தலை இருக்கிற பக்கமா தோண்டினாங்க. ரெண்டு மூணு நிமிஷம்தான் ஆச்சுன்னு சொன்னாங்க, எனக்கு ரொம்ப நேரமா இருந்துச்சு. வெளிய எடுத்ததும் சென்பாய் ஒரு வார்த்தை திட்டல, என் குச்சி ரெண்டுலயும் இருந்த வாரை கழட்டி அவர் பாக்கெட்ல போட்டுக்கிட்டார்.

வட அமெரிக்கால இதை சோதிச்சு பார்த்திருக்காங்க, ஆட்களை வேணும்னே மரக்கிணத்துக்குள்ள இறக்கினப்ப பத்துல ஒன்பது பேரால தானா வெளிய வர முடியல. அதனால கை கூப்பி கேட்டுக்கறேன், மரத்துக்குள்ள தனியா போகாதீங்க. கூட வர்றவங்க கண்ணுல படுற தூரத்துலயே இருங்க, முன்னாடி போய் கீழ காத்திருக்கிறது துணைக்கு வர்றது ஆகாது, திரும்ப மேல ஏறி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.

கீழ வந்தப்ப லிஃப்ட் தாத்தா என் ஹெல்மெட்டுக்குள்ள, கழுத்துக்குள்ள எல்லாம் பனியா இருந்ததை பார்த்தார். எதுவும் கேக்கல. துடைப்பத்தை சாத்தி வெச்சுட்டு "ஒகாஎரி"ன்னார். வீட்டுக்கு திரும்பி வர்றவங்கள பார்த்து சொல்ற வார்த்தை, வந்துட்டியான்னு. அங்கதான் எனக்கு அழுகை வந்துச்சு.

சாயங்காலம் ஒன்சென் குளியல். அந்த ஊர் தண்ணியில இரும்புச்சத்து, செம்மண் கலந்த குளத்துத் தண்ணி மாதிரி இருக்கும், என் வெள்ளைத் துண்டு இன்னும் காவி கலர்லதான் இருக்கு. ராத்திரி சூடான நாபேல, அதாவது சட்டியில கொதிக்கிற குழம்புல, தொட்டுக்க கன்ஸுரின்னு ஒண்ணு வெச்சாங்க. மியோகோ ஊர் சரக்கு. மிளகாயை உப்புல ஊற வெச்சு, ஜனவரி கடைசி கடுங்குளிர்ல பனி மேல பரப்பிடறாங்க, பனி அதோட கசப்பை இழுத்துடுமாம், அப்புறம் யூஸுங்கிற எலுமிச்சை வகை, புளிக்க வைக்கிற கோஜி எல்லாம் சேர்த்து அரைச்சு மூணு வருஷம் புளிக்க விடறாங்க. மொட்டை மாடி வெயில்ல வத்தல் காயுறதை பார்த்து வளர்ந்தவ நான், வெள்ளைப் பனி மேல சிவப்பா மிளகாய் பரப்பின ஃபோட்டோவை சத்திரத்துல மாட்டியிருந்தாங்க, அதையே ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னேன்.

*

தங்கச்சி, அந்த வார் கழட்டுற விஷயத்தை இன்னும் பெருசா எழுதியிருக்கலாம். நான் ஆவோமோரி மாநிலத்து ஹக்கோதா மலைக்கு ரெண்டு தடவை போயிருக்கேன். அங்க ஒரே ஒரு ரோப்வே, மேல இறங்கினதும் ஆவோமோரி-தோதோமாட்சு மரமெல்லாம் பனி அப்பி ஆள் நிக்கிற மாதிரி நிக்கும், ஜுஹ்யோன்னு சொல்வாங்க. மேகம் இறங்கிடுச்சுன்னா பக்கத்துல இருக்கிற ஆள் தெரியாது, மூங்கில் கம்பு நட்டு வெச்சிருக்காங்க, அடுத்த கம்பு கண்ணுல பட்டாத்தான் நகரணும். எங்க கைடு ஒவ்வொரு நிறுத்தத்துலயும் எங்களை நம்பர் சொல்லச் சொல்வார், ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு பேர், ஏழு வந்தாத்தான் மேற்கொண்டு போவார். ஒரு தடவை ஆறோட நின்னுடுச்சு. எல்லாரும் அப்படியே நின்னுட்டோம், கைடு ஏறிப் போனார், அந்தப் பையன் மரத்துப் பின்னாடி ஸ்கீயை ஷூவோட பூட்டுற பைண்டிங்கை மாட்டிட்டு இருந்தான், ஒண்ணும் ஆகல. ஆனா அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு மறக்காது.

அந்த மலையில 1902 ஜனவரியில பயிற்சிக்குப் போன 210 ராணுவ வீரர்கள்ல 199 பேர் பனியில செத்துட்டாங்க. தேடிப் போனவங்க முதல்ல பார்த்தது கோத்தோங்கிற கார்ப்பரல், பனியில புதைஞ்சு நின்ன வாக்குலயே உயிரோட இருந்தார். அவருக்கு அங்க சிலை இருக்கு. அதே மலைப்பக்கம்தான் சுகாயு ஒன்சென், 2013 பிப்ரவரியில 566 சென்டிமீட்டர் பனி பதிவான இடம். கைடு ஏன் அப்படி எண்றார்னு அந்த சிலைகிட்ட போய் நின்னப்பதான் புரிஞ்சுது.

*

அக்கா, நான் சப்போரோல படிக்கிறேன். போன சீசன் அசாஹிதாகே எரிமலைக்கு போனேன், 1,600 மீட்டர் வரைக்கும் ரோப்வே, அதுக்கு மேல எரிமலைப் புகைவாய். அங்க பனி உங்க மியோகோவை விட காய்ஞ்சது, கையில பிடிச்சா உருண்டை வராது, விபூதி மாதிரி விரல் இடுக்குல கொட்டிடும். இறங்குறப்ப சுத்தி எல்லாம் வெள்ளை ஆயிடுச்சு, மேல எது கீழ எதுன்னே தெரியல, தலை சுத்துது. புகைவாய் ஸ்ஸ்ஸுன்னு குக்கர் மாதிரி சத்தம் போட்டுட்டு இருந்துச்சு, அது எந்தப் பக்கம்னு காது வெச்சு கேட்டு, அது விலகி விலகி போற திசையா ரோப்வே கம்பம் தெரியுற வரைக்கும் நானும் ஃப்ரெண்டும் தோளைப் பிடிச்சுக்கிட்டு நடந்தே வந்தோம். நான் வாடகை ஸ்கீதான், குச்சியில வார் இருந்துச்சு, கழட்டலாமான்னு கேக்கவே தோணல. கழட்டலாமா அக்கா?

*

தம்பி, பெரும்பாலான குச்சியில கழட்ட வரும், வராதுன்னா கையை உள்ள விடாம குச்சியை மட்டும் பிடி, போதும். சத்தத்தை வெச்சு வழி கண்டுபிடிச்சதை படிச்சேன், நல்ல நேரத்துல நின்னீங்க ரெண்டு பேரும். அண்ணா, நம்பர் சொல்றதை நாங்களும் ஆரம்பிக்கப் போறோம், சென்பாய்கிட்ட சொல்லிட்டேன்.

ஜனவரி கடைசியில திரும்ப செகி ஒன்சென் போறோம், இந்தத் தடவை நாலு பேர். மிளகாயை பனியில பரப்புறதை நேர்ல பார்க்கணும், அந்த தாத்தாவுக்கு வீட்ல இருந்து வந்த முறுக்கு கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன். விசில் நாலு வாங்கியாச்சு, என்னுது மட்டும் அதே பழைய ஆரஞ்சு.