கையால் சுழற்றிய பம்ப்

பெர்ஃபியூஷனிஸ்ட் (அறுவை சிகிச்சையின்போது இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர்) ஒருவர்:

பைபாஸ் அறுவை சிகிச்சையில், பெருந்தமனியைக் கிளாம்ப் எனும் இடுக்கியால் அடைத்து இதயத்தை நிறுத்தியிருந்த கட்டத்தில், அவற்றின் வேலையைச் செய்துகொண்டிருந்த இதய நுரையீரல் இயந்திரத்துக்கு வந்த மின்சாரம் நின்றது. இயந்திரம் உடனே தன் பேட்டரிக்கு மாறியது. ஆனால், திரையில் முழுச் சார்ஜ் என்று காட்டிய அந்தப் பேட்டரி, பம்பின் சுமையைத் தாங்காமல் சில நிமிடங்களிலேயே அடங்கிவிட்டது. நோயாளியின் உடல் 32 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்டிருந்ததால் மூளைக்குச் சற்றுக் கூடுதல் அவகாசம் இருந்தது. அதை நம்பிக் காத்திருக்க இயலாது.

எங்களுடையது, உருளைகளால் குழாயை அழுத்தி ரத்தத்தைத் தள்ளும் ரோலர் பம்ப். கைப்பிடியை மாட்டி, அம்புக்குறி காட்டும் திசையில் சுழற்றத் தொடங்கினேன். திசை மாறினால், பம்ப் நோயாளியின் பெருந்தமனியிலிருந்தே ரத்தத்தை உறிஞ்சும். காற்றும் உள்ளே புகுந்துவிடும். அரை அங்குலக் குழாய் மாட்டிய பெரிய பம்ப் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 45 மில்லிலிட்டர் தள்ளும் என்பதால், நிமிடத்துக்கு நாலரை லிட்டர் கொடுக்க 100 சுற்றுகள் தேவை. தனி ஒருவரின் தோள் அதை நெடுநேரம் தாங்காது. டெக்னீஷியனும் நானும் மாறி மாறிச் சுழற்றினோம். நோயாளியிடமிருந்து வரும் ரத்தம் சேரும் ரிசர்வாயரில் ரத்தம் குறைந்தால் எச்சரிக்கும் சென்சாரும், காற்றுக் குமிழியைக் கண்டறியும் கருவியும் மின்சாரத்தோடு நின்றுபோயிருந்தன. எனவே செவிலியர் ஒருவர் டார்ச் அடித்து, ரத்த மட்டத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய குரலைக் கேட்டே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தோம். வேறொரு இணைப்பிலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. நோயாளி நலமாக வீடு திரும்பினார். திரை காட்டும் அளவை நம்பாமல், பம்பை ஓடவிட்டுப் பேட்டரியைச் சோதிக்கும் வழக்கம் அதன் பிறகுதான் எங்களிடம் வந்தது.

மயக்கவியல் மருத்துவர் ஒருவர்:

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. வேகமாகச் சுழன்று ரத்தத்தைத் தள்ளும் மையவிலக்குப் பம்ப் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது குழாயை அழுத்தி அடைப்பதில்லை என்பதால், நின்றவுடன் ரத்தம் பெருந்தமனியிலிருந்து பின்னோக்கி ஓடும். கைப்பிடியை எடுப்பதற்கு முன்பே நோயாளிக்கு ரத்தம் செல்லும் தமனிக் குழாய்க்குக் கிளாம்ப் போட்டாக வேண்டும்.

நான் எதிர்கொண்டது, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் பகுதியான ஆக்சிஜனேட்டரின் கோளாறு. நோயாளிக்குத் திரும்பும் ரத்தம் கருஞ்சிவப்பாக மாறியது. ஆக்சிஜனேட்டருக்கு முந்தைய அழுத்தமும் ஏறிக்கொண்டே போனது. எங்கள் பெர்ஃபியூஷனிஸ்ட் நோயாளியின் உடலை மேலும் குளிர்வித்து, அதற்குள் புதிய ஆக்சிஜனேட்டரைத் திரவத்தால் நிரப்பிக் காற்றை முழுவதும் வெளியேற்றிய பின்னரே, பம்பை நிறுத்தி மாற்றினார். எந்தக் குழாயை யார் வெட்டுவது, யார் இணைப்பது என்பதை அவருடைய குழுவினர் முன்பே பயின்றிருந்ததால், மாற்றும் வேளையில் அவர்களுக்குள் ஒரு கேள்விகூட எழவில்லை. கழற்றியதில் ரத்தக்கட்டிகள் படிந்திருந்தன. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரினை வழக்கமான அளவு கொடுத்திருந்தும், அந்த மருந்து வேலை செய்யத் தேவையான ஆன்டித்ராம்பின் என்ற புரதம் அந்த நோயாளிக்குக் குறைவாக இருந்ததால் அது போதிய பலன் தரவில்லை என்பது பின்னர் தெரியவந்தது.