நாய்க்குட்டி கப் கேக்: ரோமம் அறுகிறது, காது தொங்குகிறது

தேயிலைப்பூ (நுவரெலியா):
ஞாயிறு மகனுக்கு 5ஆவது பிறந்தநாள். 24 கப் கேக், எல்லாமே நாய்க்குட்டி முகம். 250 கிராம் பட்டருக்கு 500 கிராம் ஐசிங் சீனி போட்டு அடித்தால் திரிந்த பால் மாதிரி வருது. அந்தக் கிரீமால் ரோமம் இழுத்தால் பாதியிலேயே அறுந்துபோகுது. ஃபொண்டன்ட் (பிசைந்து உருவம் செய்யும் சீனிப் பசை) காது இரண்டு நாளாகியும் காயவில்லை, கிரீமில் குத்தினதும் தொங்குது. பார்ட்டி தலவாக்கலையில், வேனில்தான் கொண்டுபோகணும்.

மூடுபனி:
தங்கச்சி, அளவு சரி, பட்டர்தான் குளிர்ந்து கிடக்கு. உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரம். இந்தப் பனியில் மேசையில் வைத்த பட்டர் தானாக இளகாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழணும், ஆனால் எண்ணெய் மின்னக்கூடாது. திரிந்ததைக் கொட்டிவிடாதீங்க. நாலு மேசைக்கரண்டி கிரீமை எடுத்து இளஞ்சூட்டில் பாதி உருக்கி, மிச்சத்தோடு ஊற்றி அடிங்க, சேர்ந்துவிடும். பாலும் குளிராக இருக்கக்கூடாது.

ரோமத்துக்குப் பல துளையுள்ள 233ஆம் இலக்க நொசில், கிரீம் பையின் நுனியில் மாட்டுவது. கிரீமில் சேர்க்கும் கொக்கோவை இரண்டு தரம் சலிக்கணும், ஒரு சின்னக் கட்டி போதும் துளை அடைக்க. நொசிலைக் கேக்கில் தொட்டு, பையை அழுத்தி, 1 சென்ரிமீற்றர் இழுத்து, கையை விட்ட பிறகுதான் தூக்கணும். அழுத்திக்கொண்டே தூக்கினால் நுனியில் உருண்டை நிற்கும். வெளி ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வாங்க. மேல் வரிசை கீழ் வரிசையின் வேரை மறைக்கும்.

ஊவாக்காற்று:
காதுக்கு ஃபொண்டன்ட் வேண்டாம். அதிலுள்ள சீனி காற்றின் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் எப்படிக் காயும்? கொம்பவுண்ட் சொக்லேட்டை (கொக்கோ பட்டருக்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தது) உருக்கி, எண்ணெய்க் கடதாசியில் துளி வடிவில் 3 மில்லிமீற்றர் தடிப்பாக ஊற்றுங்க. குளிர் இங்கே உதவி, ஃபிரிட்ஜ் இல்லாமலே இறுகும். அடிப்பக்கம் ஒன்றரை சென்ரிமீற்றர் கேக்குக்குள்ளேயே இறங்கணும், கிரீமில் மட்டும் நின்றால் வளைவுகளில் சாயும். காதை முதலில் குத்திவிட்டு அதைச் சுற்றி ரோமம் போடுங்க. பல்குச்சி செருகவே வேண்டாம், சின்னப் பிள்ளைகள் அப்படியே கடிக்கும்.

மூடுபனி:
கண்ணில்தான் முகமே இருக்கு. மூக்குமேடு முதலில், வட்ட நொசிலால். கண் இரண்டும் அதன் இரு பக்கமும், நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, நல்லா விலகி. மேலே ஏற்றினால் கரடியாகிவிடும். சொக்லேட் சிப்பின் கூர் உள்ளே, தட்டைப்பக்கம் வெளியே. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில் குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளி. அப்போதுதான் குட்டி நம்மைப் பார்க்கும்.

தேயிலைப்பூ:
நன்றி அக்கா! சனி இரவே முடித்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

ஊவாக்காற்று:
வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்த்து, குட்டியின் நாக்குக்குப் போட்ட சிவப்பு நிறம் கசியும். மூடிய பெட்டியில் குளிர்ந்த அறையே போதும். வேனில் சீட்டில் வைக்காமல், கீழே ஈரத்துணி விரித்து அதன்மேல் பெட்டியை வையுங்க, வழுக்காது. பார்ட்டி வீட்டில் உண்மையான நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்க. சொக்லேட் நாய்க்கு நஞ்சு.