குகை முக்குளிப்புப் பயிற்சிக்கு ஒருவர் ஆயத்தமா? நேரில் கண்டவற்றைப் பகிருங்கள்

பயிற்றுநர் ஒருவரின் பதிவு:

குகை முக்குளிப்பு கற்க வருகிறவர்களைப் பயிற்சியில் சேர்ப்பதற்கு முன், திறந்த நீரில் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம். பதிவேட்டில் எத்தனை முக்குளிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைக் கடைசியில்தான் பார்ப்பேன். கடலில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால் மேலே ஏறிவிட வழியுண்டு. குகையில் தலைக்கு மேலே இருப்பது பாறை. உள்ளே போன வழிதான் வெளியே வரும் வழி. ஆகையால் எந்தச் சிக்கலையும் இருந்த இடத்திலேயே, பெரும்பாலும் இருட்டில், தீர்த்தாக வேண்டும். இதற்கான அடிப்படைப் பழக்கங்கள் உடம்பில் ஏற்கெனவே ஊறியிருக்க வேண்டுமே தவிர, பயிற்சி நாட்களில் அவசரமாக ஏற்றிக்கொள்ளக் கூடியவை அல்ல.

பல ஆண்டுகள் கடலில் முக்குளித்த ஒருவர் வந்திருந்தார். நிதானமானவர், கருவிகளை நன்கு அறிந்தவர். வண்டல் படிந்த தரைக்கு ஒரு மீட்டர் மேலே கிடைமட்டமாக மிதந்தபடி, முதுகிலுள்ள இரட்டைச் சிலிண்டர்களின் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடித் திறக்கச் சொன்னேன். சும்மா மிதந்தவரை அவரிடம் ஒரு குறையும் தெரியவில்லை. கை தலைக்குப் பின்னால் போன கணத்திலேயே முழங்கால்கள் தாழ்ந்தன, துடுப்பின் நுனி தரையைத் தொட்டது, பழுப்பு நிற வண்டல் புகைபோல எழுந்து அவருக்குப் பின்னால் பரவியது. வால்வுகளை அவர் சரியாகவே மூடித் திறந்தார். ஆனால் பின்னால் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. பிறகு காணொளியைக் காட்டியபோது வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். குகையில் அதே வண்டல் எழுந்திருந்தால், பின்னால் வரும் தோழருக்கு வெளியே வர வழிகாட்டும் கயிறும் தெரியாது, விளக்கொளியும் தெரியாது.

“பயிற்சிக்குள்ளேயே இதைச் சரிசெய்துகொள்ள முடியாதா?” என்று கேட்டார். முடியாது என்றேன். அவர் கவனம் முழுவதும் கைவேலைக்கே செலவாகிவிடுகிறது. கயிறு, காற்று, நேரம், தோழர் என்று பயிற்சியில் கூடுதலாகச் சுமத்தப்போகிறவற்றைத் தாங்க மிச்சமில்லை. சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார். தோழருடன் காற்றைப் பகிர்ந்துகொண்ட போதும் அவருடைய ஆழம் ஏறவோ இறங்கவோ இல்லை. துடுப்புகள் அசையாமல் நின்றன. அன்றே சேர்த்துக்கொண்டேன்.

நீரில் பார்த்தபின் காகிதத்தில் ஒரு கணக்குக் கொடுப்பேன். 12 லிட்டர் சிலிண்டர்கள் இரண்டு, 200 பார் அழுத்தம் என்றால் 4800 லிட்டர் காற்று. மூன்றில் ஒரு பங்கு உள்ளே செல்ல, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு அவசரத்துக்கு என்ற விதிப்படி, உள்ளே செல்ல 1600 லிட்டர். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடுகிறவருக்கு, அழுத்தம் நான்கு மடங்காகிவிடும் 30 மீட்டர் ஆழத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் தேவைப்படும். அப்படியானால் 20 நிமிடம். இதுவரை பெரும்பாலோர் போட்டுவிடுவார்கள். மிகத் தொலைவில் தோழரின் காற்று முழுவதும் போய், பதற்றத்தில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு, வண்டலில் தடவித் தடவித் திரும்பினால் மீதி போதுமா என்று நான் கேட்பதற்கு முன் தானாகவே கேட்கிறவர் மீதுதான் எனக்கு நம்பிக்கை வருகிறது. போதாது என்பதே விடை. மூன்றில் ஒன்று என்பது மேல்வரம்பு; அந்த அளவுக்குப் போயே தீர வேண்டும் என்பதில்லை.

1970களில் அமெரிக்கக் குகை முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி, உயிரிழப்புகளை ஆராய்ந்து மூன்று முதன்மைக் காரணங்களைக் கண்டறிந்தார்: குகைக்கு வெளியே உள்ள திறந்த நீர் வரை தொடர்ச்சியான கயிறு இல்லாமை, திரும்புவதற்கு மூன்றில் இரண்டு பங்கு காற்றை ஒதுக்காமை, அளவுமீறிய ஆழம். உரிய பயிற்சி இல்லாமையும் போதிய விளக்குகள் இல்லாமையும் பின்னர் இவற்றோடு சேர்ந்தன. கயிறும் விளக்கும் கருவிகள். மற்றவை முக்குளிப்பவர் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தவை. நான் தேடுவது அந்த முடிவெடுக்கும் திறனைத்தான்.

உதவிப் பயிற்றுநர் ஒருவரின் மறுமொழி:

ஐயா சொன்னதோடு, முகமூடியை மறைத்துக் கயிற்றைப் பிடித்து வரும் சோதனையையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கயிற்றைச் சுற்றி வளையமாக நிற்க, மறு கையால் தோழரின் கையைத் தொட்டபடி நகர வேண்டும். உடல்வலு மிக்க ஓர் இளைஞர் கயிற்றை இறுகப் பற்றி இழுத்துக்கொண்டே விரைந்தார். கட்டியிருந்த முடிச்சு நழுவி, கயிறு இடம்பெயர்ந்துவிட்டது. அவருக்கு அடுத்து வந்த பெண், கயிறு ஒரு கல்லின் அடியில் நுழைந்த இடத்தில் நின்று, மூச்சைச் சீராக்கி, விரல் நுனியால் அதன் போக்கைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே நகர்ந்தார். நேரம் அதிகம் எடுத்தது. அவருடைய காற்றுச் செலவோ குறைவு. நின்று யோசிக்கத் தெரிந்தவர்களைத்தான் நாங்கள் பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுக்கிறோம்.

மதிப்பீட்டுக்கு உட்பட்ட ஒருவரின் மறுமொழி:

எங்கள் குழுவில் கணவனும் மனைவியுமாக இருவர் இருந்தனர். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் முக்குளிப்பை முடிக்கலாம், அதற்கு விளக்கம் கேட்கக் கூடாது என்று பயிற்றுநர் முதலிலேயே சொல்லியிருந்தார். சோதனையின் நடுவில் அந்த அம்மா, முக்குளிப்பை முடித்துக்கொள்வோம் என்பதற்கான சைகையாகக் கட்டைவிரலை உயர்த்தினார். கணவர் உடனே திரும்பாமல், என்ன ஆயிற்று, இன்னும் கொஞ்சம் போகலாமே என்று கைச்சைகையால் வற்புறுத்தினார். இருவரின் மிதவைக் கட்டுப்பாட்டிலும் குறையில்லை. இருந்தும் பயிற்றுநர் கரைக்கு வந்து, அந்த அம்மாவை மட்டும் வேறொரு தோழருடன் சேர்த்துக்கொள்வதாகவும், கணவர் இப்போதைக்குக் காத்திருக்க வேண்டும் என்றும் மரியாதையாகவே சொன்னார். அவர் வருத்தப்பட்டார், அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். குகைக்குள் தோழரின் கட்டைவிரலுக்கு உடனே பணியாதவருடன் நானும் இறங்க மாட்டேன்.