ஜோவை ஏன் லாரிக்குக் கட்டிவைக்கவில்லை?

காயத்ரி, இரவு 8.05
அத்தை, நீங்கள் கொடுத்த 'லிட்டில் விமன்' நாவலை இன்று முடித்தேன். கதாநாயகி ஜோவும் அவள் தோழன் லாரியும் சேராமல் போனதை என்னால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை.

அத்தை, இரவு 8.12
1868இல் முதல் பாகம் வந்ததும், ஜோ யாரை மணப்பாள் என்று கேட்டுச் சிறுமிகள் எழுதிய கடிதங்கள் குவிந்தன, காயத்ரி. யாருடைய மகிழ்ச்சிக்காகவும் ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று நாட்குறிப்பில் எழுதிய நாவலாசிரியர் லூயிசா மே ஆல்காட், அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். அவரோ கடைசிவரை மணமுடிக்கவில்லை.

பெரியப்பா, இரவு 8.20
அவருடைய தந்தை பிரான்சன் ஆல்காட், ஒரு சிந்தனையாளர்; அமெரிக்க எழுத்தாளர்களான எமர்சனுக்கும் தோரோவுக்கும் நண்பர். அப்படிப்பட்ட தந்தை வாய்த்ததால்தான் மகள் எழுத்தாளரானார் என்று நினைக்கிறேன்.

அத்தை, இரவு 8.31
அதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை, அண்ணா. அந்தச் சிந்தனையாளருக்குக் குடும்பத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை. 1843இல் ஃப்ரூட்லேண்ட்ஸ் என்ற பண்ணையில், இறைச்சியும் பாலும் இல்லாத லட்சிய வாழ்க்கை நடத்தலாம் என்று குடும்பத்தை அழைத்துப்போனார்; ஏழு மாதங்களில், கடுங்குளிரில், எல்லாம் கலைந்துபோனது. அதன்பிறகு தையல் வேலை, பாடம் சொல்லிக்கொடுப்பது, பிறர் வீட்டில் பணிசெய்வது, ஏ. எம். பார்னார்ட் என்ற புனைபெயரில் பரபரப்புக் கதைகள் எழுதுவது என்று லூயிசா பாடுபட்டதெல்லாம் வீட்டுச் செலவுக்கும் கடனுக்கும்தான்.

காயத்ரி, இரவு 8.36
அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர் செவிலியராகவும் இருந்தாராமே?

அத்தை, இரவு 8.44
ஆறு வாரங்கள்தான் இருந்தார். 1862 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மருத்துவமனைக்குப் போனவரை டைபாய்டு தாக்கியது. அதற்குக் கொடுத்த பாதரச மருந்தோடு அவருடைய பழைய ஆரோக்கியமும் போயிற்று. சிறுமிகளுக்கான கதை வேண்டும் என்று பதிப்பாளர் தாமஸ் நைல்ஸ் கேட்டபோது விருப்பமில்லாமல்தான் தொடங்கினார். ஆனால் நைல்ஸ் சொன்னபடி பதிப்புரிமையை விற்காமல் தம்மிடமே வைத்துக்கொண்டதால், குடும்பக் கடன் முழுவதையும் அவரால் தீர்க்க முடிந்தது. அவர் வாழ்ந்த கான்கார்ட் ஊரில் அவர் எழுதிய மேசையை நேரில் பார்த்தேன். இரண்டு சாளரங்களுக்கு நடுவே, சுவரோடு பொருத்திய சிறிய அரைவட்டப் பலகை, அவ்வளவுதான். வலக்கை வலித்து ஓய்ந்தபோது இடக்கையால் எழுதப் பழகினார் என்பதை நினைத்து, அங்கேயே நெடுநேரம் நின்றுவிட்டேன்.

பெரியப்பா, இரவு 8.49
அந்த மேசையைச் செய்துகொடுத்தது யார், அம்மா?

அத்தை, இரவு 8.52
அவருடைய தந்தைதான், அண்ணா. 1888 மார்ச் 4 அன்று அவர் இறந்தார். இரண்டு நாள் கழித்து லூயிசாவும் போய்விட்டார்.